‘பிக் அப்’புக்குப் பதினான்கு அர்த்தம்

கேள்வியைக் கேட்டவர் ஒரு லோடு வண்டி டிரைவர். புளியங்குடி மார்க்கெட்டில் எலுமிச்சம்பழ மூட்டை ஏற்றிக்கொண்டு கேரளாவுக்குப் போய்வருகிறவர். கத்தாரில் ஒரு வேலைக்குச் சொல்லிவைத்திருந்ததால் என்னிடம் ஸ்போக்கன் இங்கிலீஷ் படிக்க வந்தார். சேர்ந்து இரண்டாவது வாரம் கையைத் தூக்கினார்.

“சார், ஃபோன பிக்கப் பண்ணுன்னு சொல்லுதோம். என் வண்டியும் பிக்கப்பு. மேட்டுல ஏறும்போது வண்டிக்கு பிக்கப் இல்லன்னு மெக்கானிக் சொல்லுதாரு. மூணும் ஒரே பிக்கப்பா, வேற வேறயா?”

நான் சென்னையில் ஆறு வருடம் கால் சென்டரில் வேலை பார்த்தவன். ஒரு நாளைக்கு நூறு தடவை ஃபோனை எடுத்தவன். அந்த ஒரு அர்த்தத்துக்கு மேல் நான் யோசித்ததே இல்லை. “நல்ல கேள்வி, நாளைக்குப் பார்ப்போம்” என்றேன். வாத்தியார்களுக்கு இந்த வசதி உண்டு. தெரியாததை எல்லாம் நாளைக்கு அனுப்பிவிடலாம்.

வாத்தியார் என்று சொல்லிக்கொண்டாலும் அது பெரிய பள்ளிக்கூடம் இல்லை. சங்கரன்கோவிலில் ஒரு ஜவுளிக்கடை மாடியில் ஒரு அறை, பன்னிரண்டு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு வெள்ளைப் பலகை. பின்தெருவில் விசைத்தறி ஓடிக்கொண்டே இருக்கும். கரண்ட் போனால் தறி நிற்கும். அப்போதுதான் நான் எவ்வளவு சத்தமாகப் பேசிக்கொண்டிருக்கிறேன் என்று எனக்கே தெரியும். எனக்கு அப்போது முப்பத்தொரு வயது. சென்னை வேலையை விட்டு வந்தவனுக்கு ஊரில் மிச்சமிருந்த மரியாதை அந்த ஆங்கிலம் மட்டும்தான், அதனால் அதைக் கொஞ்சம் பந்தாவாகவே வைத்துக்கொண்டேன்.

வீட்டுக்குப் போய் அகராதியைப் புரட்டினேன். முதல் பக்கம் முடிவதற்குள் வியர்த்துவிட்டது. கீழே கிடப்பதை எடுப்பது பிக் அப். பஸ் ஸ்டாண்டுக்குப் போய் மாமனாரை வண்டியில் ஏற்றி வருவதும் அதுதான். வருகிற வழியில் அரைக் கிலோ தக்காளி வாங்கிக்கொண்டால் அதற்கும் அதே சொல். படுத்துக்கிடந்த வியாபாரம் எங்கள் ஊர் ஆடித்தபசுத் திருவிழாவுக்கு முந்தின வாரம் சூடு பிடிப்பது, காற்று வலுப்பது, ரேடியோ ஒரு ஸ்டேஷனைப் பிடிப்பது, நாய் மோப்பம் பிடிப்பது, விட்ட பேச்சை விட்ட இடத்தில் தொடர்வது, போலீஸ் ஒருவனை அள்ளிக்கொண்டு போவது என்று அது பாட்டுக்கு நீண்டது. காய்ச்சல்காரன் தேறுவதும், அதே காய்ச்சல் பக்கத்து வீட்டுக்காரனுக்குத் தொற்றுவதும் இவர்களுக்கு ஒன்றுதான். யாரும் சொல்லித்தராமல் ஒரு பாஷையைக் காதால் கேட்டே பிடித்துக்கொள்வதற்கும் இதே சொல்தான். அதை எழுதும்போது, நான் இங்கிலீஷ் பேசக் கற்றதே அப்படித்தான் என்பது ஞாபகம் வந்தது. வந்ததைத் தள்ளிவிட்டு அடுத்த அர்த்தத்துக்குப் போய்விட்டேன்.

மொத்தம் பதினான்கு தேறியது. இன்னொன்றும் இருந்தது. வகுப்பில் பெண்கள் இருந்ததால் அதை விட்டுவிட்டேன். டிரைவர் அதை எப்படியோ தானாகவே கண்டுபிடித்து மறுநாள் என்னைப் பார்த்துக் கண் சிமிட்டினார்.

எங்கள் ஊரில் படிப்பு என்றால் நோட்ஸ்தான். புத்தகம் இருக்கும், அதை யாரும் திறப்பதில்லை. வாத்தியார் கொடுக்கிற நோட்ஸை ஜெராக்ஸ் எடுத்து, மஞ்சள் பேனாவால் கோடு போட்டு, சத்தம் போட்டு ஒப்பித்தால் பாஸ். நானும் அப்படிப் படித்தவன்தான். இடப்பக்கம் பதினான்கு அர்த்தம், வலப்பக்கம் ஒவ்வொன்றுக்கும் ஐந்தாறு மாற்றுச் சொல் என்று நான்கு பக்கத்துக்கு அழகாக டைப் அடித்தேன். “சொன்ன வார்த்தையையே திருப்பிச் சொல்லாதீங்க. மாற்றுச் சொல் போடுங்க. எத்தனை போடுறீங்களோ அத்தனை மார்க்” என்று வகுப்பில் அறிவித்தேன். எங்கிருந்து எனக்கு அந்த ஞானம் வந்தது என்று கேட்டால் பத்தாம் வகுப்புத் தமிழ்த் தேர்விலிருந்துதான் வந்தது.

டிரைவர் நோட்ஸைப் புரட்டிப் பார்த்தார். “சார், படம் எடுக்கோம், வாந்தி எடுக்கோம், பசி எடுக்கு, ஓய்வு எடுக்கோம், வட்டிக்கு எடுக்கோம். எடுக்குன்னு எத்தனைக்குச் சொல்லுதோம். இதுக்கு நமக்கு எவன் லிஸ்ட் குடுத்தான்?” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டுப் பலகையைத் துடைத்தேன். அந்த வருடம் அந்த அறையில் யாரும் சொன்னதிலேயே புத்திசாலித்தனமான வாக்கியம் அதுதான். அதைச் சொன்னவர் நான் பலகையைத் துடைப்பதைப் பார்த்து வாயை மூடிக்கொண்டார்.

இனி அந்த அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவருக்கு நாற்பத்தொரு வயது, என்னைவிடப் பத்து வயது மூத்தவர். ஊரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் பத்தொன்பது வருடமாக நர்ஸ். குருவிகுளம் பக்கத்துக் கிராமத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். வகுப்புக்குள் என்னை “சார்” என்பார், படியிறங்கினதும் “தம்பி” ஆகிவிடுவேன். வெளிநாட்டில் நர்ஸ் வேலைக்குப் போகிறவர்கள் எழுதுகிற ஆங்கிலத் தேர்வை அவர் இரண்டு முறை எழுதியிருந்தார். படிப்பது, எழுதுவது, கேட்பது எல்லாம் தேறிவிட்டார். பேச்சில் மட்டும் இரண்டு முறையும் கொஞ்சத்தில் போயிருந்தது.

கொச்சியில் ஒரு ஏஜென்சி அவர் பெயரை இங்கிலாந்தில் ஓர் ஆஸ்பத்திரிக்கான பட்டியலில் வைத்திருந்தது. இந்த மூன்றாவது தடவை பேச்சிலும் தேறினால் போகலாம். வீட்டுக்காரர் மானாவாரி விவசாயம் பார்க்கிறவர். மூத்த மகள் பன்னிரண்டாவது படித்துக்கொண்டிருந்தாள்.

“மழைய நம்பி இருக்க வீட்டுல ஒரு ஆளாவது மழைய நம்பாம இருக்கணும் தம்பி” என்று ஒருநாள் படியில் நின்று சொன்னார். “எப்படியாச்சும் இந்தத் தடவ தள்ளி விட்டிருங்க.”

தள்ளிவிடுகிறேன் என்றேன். என்னிடம்தான் நோட்ஸ் இருந்ததே.

அவர் படித்த மாதிரி வேறு யாரும் படிக்கவில்லை. மருந்து அட்டைப்பெட்டிகளைக் கிழித்து, உள்பக்கத்து வெள்ளையில் சொற்களை எழுதிப் பையில் வைத்திருப்பார். பஸ்ஸில் ஒப்பிப்பார். டிரிப் பாட்டில் மாற்றிவிட்டு அடுத்த பாட்டில் தீர்கிற வரைக்கும் ஒப்பிப்பதாகச் சொன்னார். பதினான்கு அர்த்தங்களையும் வரிசை மாறாமல், மாற்றுச் சொற்களோடு சொல்ல அந்த வகுப்பில் அவர் ஒருவரால்தான் முடிந்தது. டிரைவர் நான்காவதிலேயே தடுக்கி விழுந்துவிடுவார்.

தேர்வின் பேச்சுப் பகுதி ஒரு சின்ன நாடகம் மாதிரி. எதிரே இருப்பவர் நோயாளியாக நடிப்பார். நர்ஸ் நர்ஸாகவே இருக்க வேண்டும். ஐந்து நிமிடம் பேசவேண்டும். வகுப்பில் நான் நோயாளியாக நடிப்பேன். “எனக்குப் பயமாக இருக்கிறது சிஸ்டர்” என்று ஆங்கிலத்தில் சொல்வேன். அக்கா முதுகை நிமிர்த்திக்கொண்டு, என் தலைக்கு மேலே சுவரைப் பார்த்தபடி ஆரம்பிப்பார். நீங்கள் சீக்கிரம் பிக் அப் ஆகிவிடுவீர்கள், குணமடைவீர்கள், தேறிவிடுவீர்கள், முன்னேற்றம் காண்பீர்கள், இழந்த ஆரோக்கியத்தைத் திரும்பப் பெறுவீர்கள். ஐந்தும் ஐந்து தனி வாக்கியம். ஒரு பிழை இருக்காது. நான் “வெரி குட்” என்பேன்.

ஏதோ சரியில்லை என்று எனக்குப் பட்டது உண்மை. ஆறு வருடம் ஃபோனில் வெள்ளைக்காரர்களோடு மல்லுக்கட்டியவனுக்கு அந்த மட்டுக்குத் தெரியாமல் போகுமா? ஒரே சமாதானத்தை ஐந்து தடவை கேட்டால் எந்த மனுஷனும் இன்னும் கூடத்தான் பயப்படுவான். ஆனால் அது என் நோட்ஸ். தன் நோட்ஸைத் தானே தப்பென்று சொன்ன வாத்தியாரை நான் எங்கள் ஊரில் பார்த்ததில்லை.

ஒருநாள் வகுப்பு தொடங்குமுன் அவருக்கு ஃபோன் வந்தது. வார்டில் படுத்திருந்த யாருடைய மனைவியோ பேசினாள் போல. அக்கா ஜன்னலோரம் போய் நின்று, ரொம்ப நேரம் “ம்” கொட்டிக்கொண்டே இருந்தார். கடைசியில், “காச்சல் இறங்கிட்டு. நீங்க சாப்ட்டு வாங்க. ராத்திரிக்கு நான் அங்கனதான் இருப்பேன்” என்றார், அவ்வளவுதான். வைத்துவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்து, அட்டையை எடுத்து, ஐந்து வாக்கியத்தை முணுமுணுக்க ஆரம்பித்தார். நான் இரண்டையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

தபசு முடிந்து சென்னைக்குப் போய்த் தேர்வு எழுதிவிட்டு வந்தார். ரிசல்ட் வந்த அன்று நான்கு தடவை ஃபோன் போட்டேன், எடுக்கவில்லை. எனக்கு விஷயம் தெரிந்துவிட்டது. அதன்பிறகு அவரும் வகுப்புக்கு வரவில்லை.

ஒரு திங்கட்கிழமை மத்தியானம், ஆளில்லாத நேரம் பார்த்து மாடி ஏறி வந்தார். கையில் என் நோட்ஸ். நான்கு பக்கத்துக்கும் பிளாஸ்டிக் உறை போட்டிருந்தார். அதை மேஜைமேல் வைத்தார்.

“வேற பிள்ளைகளுக்கு ஆவும் தம்பி.”

உட்காரச் சொன்னேன். பேச்சில் இந்த முறையும் போய்விட்டது, முந்தைய இரண்டு தடவையைவிடக் கீழே போய்விட்டது என்றார். என்ன நடந்தது என்று கேட்டேன். இடுப்பெலும்பு முறிந்த கிழவராக நடிக்கச் சொல்லி எதிரே ஓர் அம்மாவை உட்கார வைத்திருந்தார்களாம்.

“இனிமே நடக்க மாட்டேனோன்னு கேட்டாவ. நான் நீங்க குடுத்த அத்தனையும் சொன்னேன். ஒண்ணு விடல. அந்தம்மா நடுவுல என்னமோ கேக்க வந்தாவ, கேக்க விடாம நான் சொல்லிக்கிட்டே இருந்தேன். பெல் அடிச்சிட்டு. எல்லாஞ் சொல்லியும் ஏன் போச்சுன்னுதான் தெரியல” என்றார்.

எனக்குத் தெரிந்தது. அந்த நிமிடமே தெரிந்தது.

“ஏஜென்சில வெள்ளிக்கிழம வரைக்கும் டைம் குடுத்திருக்காவ. மறுபடி தேதி போடுதேன்னு சொன்னா லிஸ்ட்ல வச்சிருப்பாவ. இல்லன்னா வேற ஆளப் போட்டிருவாவ” என்றார். பிறகு என்னை நேராகப் பார்த்தார். “எனக்கு இது வருமா தம்பி? உள்ளதச் சொல்லுங்க. வரும்னா கடைசியா ஒரு தடவ பாக்கேன்.”

உள்ளது என்னவென்றால், வரும். நோட்ஸைத் தூக்கிப் போட்டால் வரும். அதைச் சொன்னால் மூன்று மாதமாக அந்தப் பெண்ணை நான் தப்பு வழியில் ஓட்டினேன் என்று ஆகும். ஆஸ்பத்திரியில் நாலு நர்ஸுகளுக்குத் தெரியும். அடுத்த பேட்சுக்கு ஆள் வராது. இத்தனையும் என் மண்டையில் ஓடி முடிய ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

“வயசு ஒண்ணு இருக்குல்லக்கா” என்றேன். “இந்த வயசுல பாஷை ஏறுறது கொஞ்சம் கஷ்டந்தான்.”

அவர் தலையாட்டினார். “நானும் அப்படித்தான் நெனச்சேன்” என்றார். எழுந்து, நாற்காலியை இருந்த இடத்தில் சரியாக வைத்துவிட்டுப் போனார்.

இதை எழுதும்போது எனக்கு என்மேல் கோபம் வருகிறது. அன்றைக்கு வரவில்லை. அன்றைக்குக் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது.

புதன்கிழமை என் அப்பாவுக்குக் குடலிறக்க ஆபரேஷன். முன்பே குறித்த நாள், அக்கா வேலை பார்க்கிற அதே ஆஸ்பத்திரி. அப்பா நாற்பது வருடம் தறி ஓட்டியவர். சர்க்கரையும் இருந்ததால் நான்கு நாள் இருக்கட்டும் என்றார் டாக்டர். வியாழக்கிழமை காலையில் எழுந்து நடக்கச் சொன்னார்கள். அப்பா கட்டிலை விட்டு இறங்க மாட்டேன் என்றார். நான் சொன்னேன். நடந்தால்தான் புண் ஆறும், வாயு பிரியும், ரத்தம் ஓடும், சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம் என்று காரணத்துக்கு மேல் காரணமாக அடுக்கினேன். அப்பா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அக்கா வந்தார். என்னைப் பார்த்து, “வாங்க தம்பி” என்று சாதாரணமாகச் சொன்னார். ஸ்டூலை இழுத்துக் கட்டிலருகே போட்டு உட்கார்ந்தார்.

“என்ன அண்ணாச்சி, பயமா இருக்கா?”

என் அப்பா எதற்கும் பயம் என்று சொல்லி நான் கேட்டதில்லை. சும்மா கிடந்தார். அக்காவும் சும்மா இருந்தார். ஒரு நிமிடத்துக்கு மேலேயே போயிருக்கும். நடுவில் நான் வாயைத் திறந்தேன், அக்கா என் பக்கம் திரும்பாமலே கையை மட்டும் லேசாகக் காட்டினார். மூடிக்கொண்டேன்.

“தையல் விட்டிரும்மா” என்றார் அப்பா. “தறியில இழை அறுந்தா முடிச்சுப் போட்டுக்கிடலாம். இது அறுந்தா என்ன செய்ய?”

“அறுந்து போவாது. இப்பம் பாத்துட்டுத்தான் வாரேன். கால ஊணுங்க. நான் பிடிச்சிருக்கேன்.”

அப்பா காலை ஊன்றினார். ஜன்னல் வரைக்கும் ஆறேழு எட்டு நடந்து திரும்பி வந்து, ஏதோ தானே முடிவெடுத்தவர் மாதிரி என்னைப் பார்த்தார்.

அக்கா பேசிய நாலு வரியை மனசுக்குள் ஆங்கிலத்தில் சொல்லிப் பார்த்தேன். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரிந்த சொற்கள்தான். அக்கா என்னிடம் வருவதற்கு முன்பே அவை அத்தனையும் அவரிடம் இருந்தன. அந்தத் தேர்வில் எதிரே உட்கார்ந்த அம்மாவும் இதைத்தான் கேட்க உட்கார்ந்திருப்பாள். என்ன பயம் என்று கேட்பது, பதில் வரும்வரை காத்திருப்பது, ஒன்றை ஒரு தடவை சொல்வது. பத்தொன்பது வருடமாக அவர் கையில் இருந்ததை வாங்கி வைத்துக்கொண்டு நான் நான்கு பக்கம் ஜெராக்ஸ் கொடுத்திருந்தேன்.

அப்போதே சொல்லியிருக்கலாம். வெள்ளிக்கிழமைக்கு ஒரு முழு நாள் இருந்தது. சொல்லத்தான் நினைத்தேன். அவர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார், அங்கே ஆட்கள் நின்றார்கள், நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டேன். வெள்ளிக்கிழமை புது பேட்ச் தொடக்கம். பதினோரு பேர் சேர்ந்திருந்தார்கள். காலையில் கடைக்குப் போய்ப் பதினோரு செட் ஜெராக்ஸ் எடுத்தேன். எதை எடுத்தேன் என்று சொல்ல வேண்டியதில்லை. ஒரு பிரதியை மெஷினில் வைப்பதற்காக அக்கா போட்டிருந்த பிளாஸ்டிக் உறையை உருவினேன். ஒவ்வொரு சொல்லுக்கும் அருகில் பென்சிலால் சின்னதாக ஒரு டிக் இருந்தது. பதினான்கிலும் இருந்தது. அப்படியும் ஜெராக்ஸை எடுத்துக்கொண்டுதான் வகுப்புக்குப் போனேன்.

சனிக்கிழமை சாயங்காலம் ஆஸ்பத்திரி வராந்தாவில் அக்காவை நிறுத்தினேன். பி.பி. மெஷினைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

“அக்கா, பேச்சுல போனது உங்களால இல்ல. வயசும் இல்ல. என் நோட்ஸ்தான் தப்பு. அந்த நோட்ஸ் இல்லாமப் போயிருந்தா நீங்க தேறியிருப்பிய.”

நோயாளி சொல்வதைக் கேட்பது மாதிரி குறுக்கே பேசாமல் கேட்டார்.

“இது உங்களுக்கு எப்பத் தெரியும்?”

பொய் சொல்ல இடம் இருந்தது. சொல்லவில்லை. “திங்கக்கிழமையே” என்றேன்.

அவர் முகத்தில் கோபம் வரும் என்று பார்த்தேன். வரவில்லை. மெஷினின் ரப்பர் குழாயை விரலில் சுற்றினார், அவிழ்த்தார்.

“நேத்து நாலு மணிக்கு ஏஜென்சிலருந்து கூப்ட்டாவ” என்றார். “வேண்டாம்னு சொல்லிட்டேன். எனக்கு வராதுன்னு சொல்லிட்டேன்.”

“திரும்பப் பேசிப் பாப்போமா? நான் பேசுதேன்.”

“எடத்துக்கு ஆள் போட்டாச்சு. அடுத்த லிஸ்ட் எடுக்கும்போது எனக்கு அவங்க சொல்லுத வயசு தாண்டிரும்.”

வயசு என்ற சொல்லை அவர் குத்திக்காட்டச் சொல்லவில்லை. உள்ளதைத்தான் சொன்னார். உள்ளிருந்து அப்பா செருமினார், நடக்கிற நேரம் ஆகிவிட்டது. வராந்தாக் கடைசி வரைக்கும் நடப்பதால் இப்போது அவருக்கு இரண்டு பக்கமும் ஆள் வேண்டும். அக்கா மெஷினை மேஜைமேல் வைத்துவிட்டு உள்ளே போய் வலது கையைத் தாங்கினார். நான் பின்னாலேயே போனேன்.

“மன்னிச்சிருங்கக்கா” என்றேன். “முழுக்க என் தப்புதான். அன்னைக்கே நான் ஒத்துக்கிட்டிருக்கணும். உங்ககிட்ட மறைச்சது பெரிய பாவம், செஞ்சிருக்கக் கூடாது, எனக்கு என்ன சொல்லன்னே...”

“ஒரு தடவ சொன்னாப் போதும் தம்பி” என்றார் அக்கா. “அந்தப் பக்கம் பிடிங்க.”

பிடித்தேன். அப்பா காலை ஊன்றினார்.